கேம்பாய் வாங்கிய முதல் மாதம்: மங்கிய திரைக்கேற்ற விளையாட்டுகள் எவை?

[திரையில்: மேசைமீது சாம்பல் நிறக் கேம்பாய். அருகே விளையாட்டுகள் பதிந்த ஏழு கார்ட்ரிட்ஜுகள். சாளரத்திலிருந்து காலை வெளிச்சம்.]

நின்டெண்டோ நிறுவனத்தின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாய் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நாள் 1989 ஏப்ரல் 21. என் கைக்கு அது வந்து சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. சிறுவயதில் இதை வைத்திருந்தவர்களுக்கு இருக்கும் பாசம் எனக்கு இல்லை; ஆகவே, இந்த ஏழு விளையாட்டுகளையும் இன்று புதிதாகப் பார்ப்பவனாகவே மதிப்பிடுகிறேன். ஒரு மாதத்தில் எனக்குப் புரிந்தது இதுதான்: இக்கருவியில் எந்த விளையாட்டு நன்றாக இருக்கிறது, எது இல்லை என்பதை அதன் கதையோ புகழோ தீர்மானிப்பதில்லை, இந்தத் திரையின் குறைகளை அதை உருவாக்கியவர்கள் எந்த அளவுக்கு அறிந்திருந்தார்கள் என்பதே தீர்மானிக்கிறது.

[திரையில்: கேம்பாய் திரையின் அண்மைக் காட்சி. இடப்பக்கச் சக்கரத்தை விரல் திருப்புகிறது.]

திரையின் அகலம் 160 புள்ளிகள், உயரம் 144 புள்ளிகள். நிறங்கள் என்று சொல்ல எதுவுமில்லை. வெளிர்பச்சைப் பின்னணியில் நான்கு சாயைகள் மட்டுமே உண்டு. பின்னொளி கிடையாது என்பதால், புத்தகம் படிப்பதைப் போலவே விளக்கடியிலோ சாளரத்தோரத்திலோ அமர்ந்துதான் விளையாட முடியும். இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை வேறொன்று: இத்திரையின் புள்ளிகள் மெதுவாகவே நிறம் மாறுகின்றன, அதனால் வேகமாக நகரும் எந்த உருவமும் தனக்குப் பின்னால் ஒரு நிழலை இழுத்துக்கொண்டு போகிறது.

இந்தத் திரை தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டது. கருவியை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய், புத்தம்புதிய தொழில்நுட்பத்தைத் துரத்துவதைவிட, நன்கு பழகி விலை குறைந்துவிட்ட தொழில்நுட்பத்துக்குப் புதிய பயனைக் கண்டுபிடிப்பதையே கொள்கையாகக் கொண்டிருந்தவர். அதே 1989இல் வந்த அட்டாரி லிங்க்ஸும் அடுத்த ஆண்டு வந்த சேகா கேம் கியரும் பின்னொளியோடு கூடிய வண்ணத்திரையைக் கொண்டிருந்தன; ஆனால் அவை ஆறு ஏஏ பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தன. கேம்பாய் நான்கே பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. என் மேசையில் அது அணையாமல் கிடக்கும்போதுதான் இந்தப் பேரத்தின் பொருள் எனக்கு விளங்குகிறது.

[திரையில்: கார்ட்ரிட்ஜ் செருகப்படுகிறது. நின்டெண்டோ பெயர் மேலிருந்து இறங்குகிறது.]

கருவியை இயக்கியதும் நிறுவனத்தின் பெயர் மேலிருந்து மெல்ல இறங்கி வருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரின் படம் கார்ட்ரிட்ஜிலிருந்து படிக்கப்படுகிறது. கருவிக்குள் இருக்கும் 256 பைட் அளவே உள்ள தொடக்க நிரல், தன்னிடமுள்ள படியோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் பொருந்தினால்தான் விளையாட்டைத் தொடங்க விடுகிறது. கார்ட்ரிட்ஜின் தொடுமுனைகளில் அழுக்கேறியிருந்தால் பெயருக்குப் பதிலாக ஒரு கரும்பட்டை இறங்கி வந்து அப்படியே நின்றுவிடும். முதல் நாள் எனக்கு அதுதான் நடந்தது. கருவி பழுது என்றே முடிவு கட்டிவிட்டேன். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்ததும் சரியாகிவிட்டது. வாயால் ஊதுவது பழைய பழக்கமானாலும், எச்சிலின் ஈரம் தொடுமுனைகளை அரிக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

[திரையில்: சூப்பர் மாரியோ லேண்ட், முதல் கட்டம்.]

முதலில் விளையாடியது கருவியோடு ஒரே நாளில் வெளிவந்த சூப்பர் மாரியோ லேண்ட். இதில் மாரியோ ஓர் அரிசிமணியைவிடப் பெரியவரல்லர். உருவங்களைச் சிறிதாக்கியதால் முன்னால் வரும் பள்ளமும் பகைவர்களும் போதிய தொலைவிலேயே கண்ணில் படுகின்றன. பின்னணியை ஏறத்தாழ வெறுமையாக விட்டதால் நிழல் படிந்து குழப்புவதற்கும் அதிகம் இல்லை. இருந்தாலும் ஓடத் தொடங்கியதும் தரை முழுவதும் கலங்குகிறது, தாவும் இடத்தைக் கண்ணால் அல்ல, கணிப்பால்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. மொத்தம் 12 கட்டங்கள். பழகிய கைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. சேமிக்கும் வசதி இல்லாததை அதனால் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

[திரையில்: டெட்ரிஸ்.]

டெட்ரிஸ் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் பிரிக் கேம் என்ற பெயரில் கடைகளில் தொங்கிய கருவிகளின் வழியே, அலெக்ஸி பஜித்னோவின் பெயரைக் கேள்விப்படாமலேயே அவருடைய விளையாட்டை நாம் ஆடித் தீர்த்திருக்கிறோம். மாஸ்கோவில் 1984இல் அவர் உருவாக்கிய அந்த விளையாட்டின் கையடக்கக் கருவிக்கான உரிமையை, விளையாட்டு வெளியீட்டாளர் ஹெங்க் ரோஜர்ஸ் 1989இல் அங்கேயே நேரில் சென்று பெற்றுவந்தார். வட அமெரிக்காவில் கேம்பாய் விற்பனைக்கு வந்தபோது இது பெட்டியிலேயே கிடைத்தது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரியாமலிருந்தது, இந்தத் திரைக்கு இது எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதே. அடுக்கி வைத்த கட்டைகள் அசைவதில்லை, விழுந்துகொண்டிருக்கும் ஒரே ஒரு கட்டைதான் நகர்கிறது, அதுவும் எட்டெட்டுப் புள்ளிகளாகப் படிப்படியாக இறங்குகிறது. ஆகவே நிழல் படிய வேலையே இல்லை. நிறத்தால் பிரித்துக்காட்ட முடியாத கட்டைகளுக்கு வெவ்வேறு கோலங்களை வரைந்திருக்கிறார்கள். திரையின் 144 புள்ளிகளை எட்டால் வகுத்தால் கிடைக்கும் 18 வரிசைகள்தான் கட்டைகள் விழும் கிணற்றின் ஆழம். டெட்ரிஸின் வழக்கமான ஆழம் 20 வரிசைகள் என்பதால், இங்கே மூச்சு விடச் சற்றுக் குறைவாகவே இடமிருக்கிறது. நான் பெற்ற உச்சப் புள்ளிகள் கருவியை அணைத்ததும் அழிந்துவிடுகின்றன என்பது மட்டும் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

[திரையில்: கிர்பி மிதக்கிறது, பிறகு டாங்கி காங்.]

1992இல் வந்த கிர்பிஸ் டிரீம் லேண்ட் புதியவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. மெதுவாக மிதக்கும் உருண்டையான நாயகன் இத்திரையில் தெளிவாகத் தெரிகிறான், ஐந்தே கட்டங்களில் விடைபெற்றும் விடுகிறான். 1994இன் டாங்கி காங் என்னை ஏமாற்றி மகிழ்வித்தது. பழைய ஆர்கேட் விளையாட்டின் நான்கு கட்டங்களையும் முடித்துவிட்டு இவ்வளவுதானா என்று நினைக்கும் வேளையில் உண்மையான விளையாட்டு தொடங்குகிறது, மொத்தம் 101 கட்டங்கள் விரிகின்றன. பலவும் ஒரு திரைக்குள் அடங்கும் புதிர்கள் என்பதால் கண்ணுக்கு அதிக உறுத்தல் இல்லை.

ஒரு கார்ப் பந்தய விளையாட்டையும் வாங்கினேன். மூன்றாவது வளைவில் சாலையும் ஓரமும் ஒரே கஞ்சியாகக் கலந்துவிட்டன. பெயர் சொல்லும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

[திரையில்: மெட்ராய்டு 2.]

1991இல் வந்த மெட்ராய்டு 2இல் சிக்கல் வேறு வகையானது. நாயகி சாமஸின் உருவத்தை நுணுக்கமாகவும் பெரிதாகவும் வரைந்திருக்கிறார்கள்; நிறத்தை மாற்றிக் காட்ட முடியாததால், மேம்பட்ட கவசத்தை அணிந்தது தெரியும்படி தோள்களைப் பெரிய உருண்டைகளாக்கினார்கள், அந்தத் தோள்களே பிறகு அவருடைய அடையாளமாகிவிட்டன. ஆனால் உருவம் பெரிதானதால் சுற்றியுள்ள குகை சுருங்கிப்போகிறது, ஒரு சுரங்கத்துக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு தெரிவதில்லை, வரைபடமும் இல்லை. பழைய நோட்டில் பென்சிலால் நானே வரைந்துகொண்டு பாதித் தொலைவு போயிருக்கிறேன். சோர்வாக இருக்கிறது, ஆனாலும் விடுவதற்கு மனம் வரவில்லை.

[திரையில்: லிங்க்ஸ் அவேக்கனிங். நாயகன் ஒரு திரையின் ஓரத்தை அடைய, காட்சி அடுத்த திரைக்கு மாறுகிறது.]

இந்த மாதத்தில் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது 1993இல் வந்த செல்டா வரிசை விளையாட்டான லிங்க்ஸ் அவேக்கனிங். கோஹோலின்ட் என்ற தீவு முழுவதையும், அகலவாட்டில் பத்தும் உயரவாட்டில் எட்டுமான சிறு சதுரங்களைக் கொண்ட சிறுசிறு திரைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு சதுரத்தின் பக்கம் 16 புள்ளிகள். கீழே 16 புள்ளிகளில் ஒரு தகவல் பட்டை. கணக்கு துல்லியமாக 160க்கு 144 வருகிறது. வெளியே நடக்கும்போது நிலம் நகர்வதில்லை, நாயகன் மட்டுமே நகர்கிறான். ஓரத்தை எட்டினால் ஒரு நொடிக்குள் அடுத்த திரை வந்து நிற்கிறது. மாரியோவில் என்னைத் தொல்லைப்படுத்திய கலங்கல் இங்கே அந்த ஒரு நொடியோடு முடிந்துவிடுகிறது.

குறை இல்லாமலில்லை. ஏ, பி என்ற இரண்டே பொத்தான்களில் வாள், கேடயம், தாவ உதவும் இறகு என எல்லாவற்றையும் மாற்றிமாற்றிப் பொருத்த வேண்டியிருப்பதால், விளையாடும் நேரத்தில் கணிசமான பகுதி பட்டியலைத் திறந்து மூடுவதிலேயே கழிகிறது. தூக்க முடியாத கல்லில் தெரியாமல் மோதினாலும், அது கனமானது என்ற அதே வாசகம் ஒவ்வொரு முறையும் வந்து நிற்கிறது.

போகிமான் ஏன் இல்லை என்று கேட்பீர்கள்; போலிக் கார்ட்ரிட்ஜுகள் மலிந்திருப்பதால், அசலை அடையாளம் காணக் கற்றபின்பே வாங்குவதாக இருக்கிறேன்.

[திரையில்: கார்ட்ரிட்ஜின் உட்புறப் படம். நாணய வடிவ பேட்டரி.]

வாங்க நினைப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் சேமிப்பு வசதியுள்ள கார்ட்ரிட்ஜுகள், உள்ளே பற்றவைக்கப்பட்ட நாணய வடிவ பேட்டரியின் தயவில்தான் நினைவைக் காத்துவந்தன. முப்பது ஆண்டுகளில் பெரும்பாலானவை தீர்ந்திருக்கும். சாதாரண முறையில் பழையதைக் கழற்றிப் புதியதைப் பற்றவைத்தால் உள்ளிருக்கும் சேமிப்புகள் அழிந்துவிடும்.

என்னிடம் வந்த லிங்க்ஸ் அவேக்கனிங்கில் பேட்டரிக்கு இன்னும் உயிர் இருந்தது. மூன்று சேமிப்பு இடங்களில் முதலாவது காலியாக இல்லை. அதில் இருந்த பெயர், ஆங்கிலத்தில் திருடன் என்று பொருள்படும் ஐந்தெழுத்துச் சொல். யாரோ குறும்பாக வைத்த பெயர் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது: தீவிலுள்ள கடையில் காசு கொடுக்காமல் பொருளை எடுத்துக்கொண்டு நழுவினால், விளையாட்டே நாயகனின் பெயரை அப்படி மாற்றிவிடுகிறது, மறுபடி அந்தக் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் உயிரோடு விடுவதில்லை. நான் இரண்டாவது இடத்தில் விளையாடிக்கொண்டிருக்கிறேன். பேட்டரியை மாற்றும் வேலையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

[திரையில்: சேமிப்புப் பட்டியல். முதல் வரியில் அந்தப் பெயர்.]