பேனர் கட்டிய பிறகு: என்.எம்.எம்.எஸ். உதவித்தொகையும் நம் பள்ளிகளும்

(அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமையாசிரியர்களே, மேலாண்மைக் குழுவின் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

உதவித்தொகைத் தேர்வு முடிவு வந்ததும், தேர்வான பிள்ளைக்காகப் பள்ளி வாசலில் பேனர் கட்டுகிறோம். ஊராட்சித் தலைவர் சால்வை போடுகிறார். அது தேவைதான், குறை சொல்ல வரவில்லை. பேனர் கிழிந்த பிறகு அந்தப் பிள்ளையின் கணக்கில் பணம் ஏறியதா என்பதுதான் இன்றைய பேச்சு.

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வை, நாம் என்.எம்.எம்.எஸ். என்று சொல்கிறோம். 2008இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். தமிழ்நாட்டின் பங்கு ஆண்டுக்கு 6,695 பேர். தேர்வானவருக்கு மாதம் 1,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 12,000. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்காண்டும் சேர்த்தால் 48,000. ஒரே ஆண்டில் தேர்வாகும் 6,695 பேருக்கும் முழுதாகக் கிடைத்தால் 32 கோடி ரூபாய்க்கு மேல் வரும். பெற்றோர் வருமான வரம்பு ஆண்டுக்கு மூன்றரை லட்சம். அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்க வேண்டும்.

தேர்வுக்கான பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் ஆசிரியர்கள் மாலை வகுப்பு நடத்தி நன்றாகவே செய்கிறார்கள். மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆகவே விடைத்தாளில் ஒரு கேள்வியைக்கூட விடை குறிக்காமல் விடக் கூடாது. இதைச் சொல்லித்தராமல் அனுப்புவதுதான் இன்னும் சில இடங்களில் நடக்கிற தவறு. 180க்கு 72, அதாவது 40 விழுக்காடு எடுத்தால் தகுதி. பட்டியலின, பழங்குடி மாணவருக்கு 32 விழுக்காடு போதும். ஆனால் தகுதி வேறு, தெரிவு வேறு. 72 எடுத்த எல்லாருக்கும் பணம் வராது என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். பல நேரம் பிள்ளை தேர்வு எழுதுவது நடுநிலைப் பள்ளியில் படிக்கும்போது. அந்தப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். பணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியது ஒன்பதாம் வகுப்பில், வேறோர் உயர்நிலைப் பள்ளியிலிருந்து. பயிற்சி கொடுத்த ஆசிரியர் அங்கே இல்லை. புதிய வகுப்பாசிரியருக்கு இந்தப் பிள்ளை தேர்வானது தெரியாது. பெற்றோரோ, தேர்வானால் பணம் தானாக வரும் என்று இருக்கிறார்கள். தானாக வராது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் அந்தப் பிள்ளையின் பெயரில் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். பத்தாம் வகுப்பு முடிந்து மேல்நிலைப் பள்ளிக்குப் போகும்போது இதே கதை மறுபடியும் நடக்கிறது. உதவித்தொகை அறுந்துபோவது பெரும்பாலும் இந்த இரண்டு மூட்டுகளில்தான்.

ஆகவே நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் அன்றே ஒரு தாளில் தேர்வு எண், தேர்வான ஆண்டு, ஏழு, எட்டாம் வகுப்பு மதிப்பெண், சாதி, வருமானச் சான்று விவரம் ஆகியவற்றை எழுதி, சேரப்போகும் பள்ளியின் தலைமையாசிரியரிடம் நேரில் ஒப்படையுங்கள். பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பினால் அது புத்தகப் பையிலேயே தங்கிவிடும்.

அடுத்தது பெயர். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் ஒரு பெயர். நம் ஊரில் முன்னெழுத்து போடுகிற வழக்கத்தால் இது எங்கும் இருக்கிறது. பள்ளிப் பதிவேட்டில் ‘சு. கவிதா’, ஆதாரில் ‘கவிதா சுப்பிரமணி’, வங்கியில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதல். கணினிக்கு இவர்கள் மூன்று பேர். இதை எட்டாம் வகுப்பின் தொடக்கத்திலேயே, தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்ய வேண்டும். முடிவு வந்த பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால் இணையதளம் மூடும் தேதி முந்திக்கொள்ளும்.

வங்கிக் கணக்கில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ‘ஆதார் கொடுத்துட்டோம் சார்’ என்பார்கள். ஆதார் நகலை வங்கியில் கொடுப்பது வேறு. அரசுப் பணம் வருவதற்கு அந்தக் கணக்கை ஆதாரோடு இணைப்பது வேறு. இரண்டாவதை வங்கிக்காரர்கள் ஆதார் சீடிங் என்கிறார்கள். அதற்குத் தனியே ஒப்புதல் படிவம் எழுதித் தர வேண்டும். ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான். பிள்ளைக்கு இரண்டு கணக்கு இருந்தால் கடைசியாக இணைத்ததற்கே பணம் போகும். பலர் பழைய வங்கிப் புத்தகத்தில் வரவு பதிந்து பார்த்துவிட்டு ‘வரலை’ என்று புகார் எழுதுகிறார்கள். பணம் மறந்துபோன இன்னொரு கணக்கில் கிடக்கும். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். அதற்கு ஆதாரில் பதிந்த கைபேசிக்கு ஓ.டி.பி. வரும். அந்தக் கைபேசி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போன அப்பாவிடம் இருக்கும். ஆகவே முதலில் எண்ணை மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

ஆதாரில் இன்னொன்று. 15 வயதானதும் கைரேகை, கண் பதிவைப் புதுப்பிப்பது கட்டாயம். 17 வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. பத்தாம் வகுப்பில் படிக்கிற பிள்ளைக்குப் பொதுத்தேர்வு நெருக்கடியில் இது நினைவுக்கு வராது.

புதுப்பித்தல் ஆண்டுதோறும் உண்டு. ஒன்பதிலிருந்து பத்துக்கும், பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கும் முதல் முயற்சியிலேயே தேற வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு வேண்டும். பட்டியலின, பழங்குடியினருக்கு 55. விண்ணப்பத்தைப் பிள்ளை அனுப்பியதும் பள்ளி அளவில் ஒரு சரிபார்ப்பு, மாவட்ட அளவில் இன்னொன்று. பள்ளிக்கான பொறுப்பு அலுவலர் மாறுதலாகிப் போய், புதியவர் இணையதளத்தில் பதிவு செய்யாவிட்டால் விண்ணப்பம் பள்ளி மட்டத்திலேயே நின்றுவிடும். பிள்ளை மீது ஒரு தவறும் இருக்காது. மாறுதல் ஆணை கையில் வந்ததும் சாவிக்கொத்தை ஒப்படைப்பது போல இந்த இணையதளப் பொறுப்பையும் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

7.5 விழுக்காடு பற்றி ஒரு வார்த்தை. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கான அந்த ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி அதில் சேராது. என்.எம்.எம்.எஸ். பணத்துக்கு இரண்டும் ஒன்றுதான், ஒதுக்கீட்டுக்கு ஒன்றல்ல. ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊரில் நல்ல பள்ளி என்று மாற்றும் பெற்றோரிடம் இதைச் சொல்லாமல் மாற்றுச் சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். குழுவின் வாட்ஸ்அப்பில் பிள்ளைகளின் ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் படம் எடுத்துப் போடுவதை நிறுத்துங்கள். பெயரும் வகுப்பும் போதும். அடுத்த கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில், போன ஆண்டு தேர்வான ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று கேள்விகளுக்கு விடை பதியச் சொல்லுங்கள்: இப்போது எந்தப் பள்ளியில் படிக்கிறார், விண்ணப்பம் எந்த மட்டத்தில் நிற்கிறது, பணம் எந்த வங்கிக்கு வந்தது. விடை இல்லாத பெயர் இருந்தால் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு யார் போவது என்பதையும் அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.