“திருப்பிச் சொல்லு!”
(சனசமூக நிலையம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போது ஒரு ஐயா மறித்துக் கேட்டார்: “தம்பி, ஆகாயத்தில் றோட்டும் இல்லை, சிக்னல் லைட்டும் இல்லை. பிளேன் எல்லாம் முட்டாமல் எப்படிப் போகுது?”

றோட்டு இருக்கிறது ஐயா, கண்ணுக்குத்தான் தெரியாது. ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பறப்பவற்றுக்கு இடையில் குறைந்தது 1,000 அடி. ஒரே உயரம் என்றால், ராடர் இருக்கும் இடத்தில் பொதுவாக 5 கடல் மைல். விமான நிலையத்தை நெருங்கும்போது 3. இந்த இடைவெளியைக் காப்பாற்றுவது பெரும்பாலும் வாய்ப்பேச்சுத்தான்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வரும் ஏடிஆர் 72 விமானத்தை எடுங்கள். நடுக்கடலில் சென்னையின் வான்பரப்பு முடிந்து கொழும்பின் வான்பரப்பு தொடங்கும். எத்தனை மணிக்கு, எந்த உயரத்தில் வரும் என்று இரு தரப்பும் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்ட பிறகுதான் விமானம் கைமாறும். கடைசியில் பலாலிக் கட்டுப்பாட்டுக் கோபுரம்.

பலாலி ஓடுபாதையின் ஒரு முனைக்கு 05, மறுமுனைக்கு 23 என்று பெயர். அந்த முனையிலிருந்து விமானம் ஓடும் திசைதான் அது: திசைகாட்டியில் 50 பாகை, 230 பாகை. அதாவது வடகிழக்கு, தென்மேற்கு. அந்தத் திசைகளிலிருந்து வீசும் காற்றை எங்கள் கடற்றொழிலாளர் வாடை, சோளகம் என்பார்கள். விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். ஆகவே வாடைக்கு 05, சோளகத்துக்கு 23. இரண்டாம் உலகப் போரில் இதைப் போட்ட பிரிட்டிஷ் விமானப்படை எங்கள் காற்றிடம் கேட்டுத்தான் போட்டது போல.

சரி, பேச்சுக்கு வருவோம். கீழிருந்து கட்டுப்பாட்டாளர் “7,000 அடிக்கு இறங்கு” என்றால் விமானி “சரி” என்று சொல்லித் தப்ப முடியாது. இலக்கத்தையும் தன் அழைப்புப் பெயரையும் சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிழை இருந்தால் கட்டுப்பாட்டாளர் அங்கேயே திருத்துவார். கடைக்கு அனுப்பும்போது அம்மா “என்ன வாங்க வேணும், திருப்பிச் சொல்லு” என்பாரே, அதேதான். இரைச்சலில் ‘ஃபைவ்’ உடன் மயங்கக்கூடாது என்று ‘நைன்’ஐ ‘நைனர்’ என்றே சொல்வார்கள்.

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு. மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747. புறப்பட்ட பின் போகவேண்டிய வழியைத்தான் கோபுரம் நெதர்லாந்தின் கேஎல்எம் விமானத்துக்குச் சொன்னது. அதற்குள் ‘டேக் ஓஃப்’ என்ற சொல்லும் வந்துவிட்டது. விமானம் ஓடத் தொடங்கியது. துணை விமானி, தாங்கள் டேக் ஓஃபில் இருப்பதாகச் சொன்னார். கோபுரம் “ஓகே” என்றது. அடுத்து, “பொறுங்கள், கூப்பிடுகிறேன்” என்று கோபுரமும், “நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்” என்று அமெரிக்காவின் பான் ஆம் விமானமும் ஒரே நேரத்தில் பேச, கேஎல்எம் விமானத்தின் றேடியோவில் கேட்டது வெறும் கீச்சொலி. இரண்டும் மோதின. 583 உயிர்கள்.

அதற்குப் பிறகு ‘டேக் ஓஃப்’ என்ற சொல்லைப் பூட்டி வைத்துவிட்டார்கள். அனுமதி கொடுக்கும்போதும், கொடுத்ததை ரத்துச் செய்யும்போதும் மட்டுமே அது வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் ‘டிபாச்சர்’.

தேத்தண்ணி வந்துவிட்டது போல. குடித்துக்கொண்டே கேள்வி கேளுங்கள். ஆனால் ஒருவர் கதைக்கும்போது மற்றவர் பொறுக்க வேண்டும், கீச்சொலி வேண்டாம்.