ரசீதின் இரண்டாவது வரி

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் குடியேறிய புதிதில் நான் ஒரு சாப்பாட்டு மேசை வாங்கினேன். ஆமிஷ் தச்சர்கள் செய்த மேசை. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் "செர்ரி மரம்" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். மரவேலை தெரிந்த நண்பர் ஒருவர் ஒரு நாள் மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது ரெட் ஓக் ஆயிற்றே" என்றார். ரசீதைத் தேடி எடுத்தேன். முதல் வரியில் மரம்: ரெட் ஓக். இரண்டாவது வரியில் சாயம்: செர்ரி. கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. நான்தான் இரண்டாவது வரியோடு திருப்திப்பட்டுவிட்டேன்.

அந்த வெட்கத்தில்தான் ஹோம்ஸ் கவுண்டிப் பக்கம் போய்வரத் தொடங்கினேன். கொலம்பஸிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். ஆமிஷ் மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி அது. 1693-இல் யாக்கோபு அம்மான் என்ற போதகரின் வழியில் பிரிந்துவந்த கிறித்தவர்களின் சந்ததியினர் இவர்கள். வீட்டில் பேசுவது ஒரு வகை ஜெர்மன். தங்கள் சபையைச் சேராத எவரையும் "ஆங்கிலேயர்" என்பார்கள். திருநெல்வேலியில் பிறந்த நானும் அங்கே ஆங்கிலேயன்தான்!

குடும்பங்கள் பெருகின, நிலத்தின் விலை ஏறியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பண்ணை கிடைக்காது என்றானபோது பலர் பட்டறைத் தொழிலுக்கு வந்தார்கள். ஊர்ப் பொது மின்சார இணைப்பை இவர்கள் ஏற்பதில்லை. மின்கம்பி இல்லாத பட்டறையில் உளியும் சுத்தியலும் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். வெளியே டீசல் என்ஜின் ஓடும். அது அழுத்தித் தரும் காற்றில் உள்ளே இயந்திரங்கள் இழைத்துக்கொண்டிருக்கும்.

நம் ஊரில் தேக்கு என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. வைரம் பாய்ந்த கட்டையா என்று பார்த்து, இழைத்து, பாலிஷ் போட்டால் போதும். இங்கே ஆறேழு மரங்கள், ஒவ்வொன்றுக்கும் பல டஜன் சாயங்கள். கடையில் சாய மாதிரிகளை ஒட்டிய பலகையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். புடவைக்கடையில் நிற்பதுபோல் நாமும் நிறத்தைத் தேடத் தொடங்கிவிடுவோம். தவறு அங்கேதான் பிறக்கிறது. சாயம் என்பது பெயின்ட் அல்ல. மரத்தை மூடாது, மரத்துக்குள் போகும். எந்த மரத்துக்குள் போகிறது என்பதைப் பொறுத்து அதன் முகமே மாறிவிடும். அதனால் மரத்தை முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன்.

ஒரு பட்டறையில் பெரியவர் ஒருவர் சிறிய ரெட் ஓக் துண்டு ஒன்றின் முனையைத் தண்ணீரில் வைத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊதினார். தண்ணீரில் குமிழி வந்தது! அந்த மரத்தின் துளைகள் அப்படித் திறந்து கிடக்கின்றன. வெள்ளை ஓக்கில் அவை அடைபட்டிருக்கும். மதுப் பீப்பாய்க்கு வெள்ளை ஓக்கைத் தேடுவது அதனால்தான். ரெட் ஓக்கில் சாயம் அந்தத் துளைகளில் தேங்கிக் கரிய கோடுகளாக நிற்கும். என் மேசை செர்ரிபோல ஒரு நாளும் தோன்றாததன் காரணம் எனக்கு அன்றுதான் புரிந்தது. நிறம் செர்ரி, ரேகை ஓக். ரெட் ஓக்கின் அடியில் ஓர் இளஞ்சிவப்பும் உண்டு. அதன்மேல் இப்போது பலரும் விரும்பும் சாம்பல் நிறச் சாயத்தைப் போட்டால் அந்தச் சிவப்பு எட்டிப் பார்க்கும். நடுத்தரப் பழுப்புதான் அதற்குப் பொருந்தும். பிள்ளைகள் ஸ்பூனால் கீறினாலும் அந்த ரேகைக்குள் கீறல் ஒளிந்துகொள்ளும்.

வெள்ளை ஓக்கின் அடிமரத்தை நான்காகப் பிளந்து, வளையங்களுக்குக் குறுக்கே வரும்படி அறுத்தால், நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்கள் பலகையின் முகத்தில் பளபளப்பான திட்டுகளாகத் தெரியும். கழிவு அதிகம், விலையும் அதிகம். அந்தத் திட்டுகள் சாயத்தை எளிதில் குடிப்பதில்லை. சுற்றிலும் இருண்டால் அவை புலிவரிபோல மின்னும். சாயம் போட்டு அழகு கூடும் மரம் என்றால் முதலில் இதைச் சொல்வேன்.

மேப்பிள் இதற்கு நேர் எதிர். கெட்டி மேப்பிள் நெருக்கமான மரம். சாயம் போட்டால் சில இடங்களில் ஏறும், சில இடங்களில் ஏறாது. தேமல் விழுந்ததுபோல் ஆகிவிடும். அதை வெளிர் நிறத்திலேயே விட்டுவிடுவது நல்லது. அடர்ந்த காப்பி நிறமோ கறுப்போ வேண்டும் என்பவர்கள் பிரவுன் மேப்பிள் கேட்கலாம். மென்மையான மேப்பிள் வகையில் பழுப்பு வரிகள் ஓடிய பலகை அது. அந்த வரிகளைச் சாயம் மறைத்துவிடும், விலையும் குறைவு. சிக்கனக்காரர்களின் மரம் என்று அதைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஹிக்கரி மரத்தின் நடுக்கட்டையான வைரம் பழுப்பு, அதைச் சுற்றியுள்ள வெளிறு என்ற பகுதி வெள்ளை. ஒரே பலகையில் இரண்டும் சண்டை போடும். அந்தச் சண்டை பிடித்தால் வாங்குங்கள். பிடிக்காவிட்டால் சாயத்தால் சமாதானம் செய்யப் பார்க்காதீர்கள். உறுதிக்கு அதை மிஞ்ச ஆளில்லை. எஃகுக் குண்டை மரத்துக்குள் பாதி அளவு அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று பார்க்கும் ஜங்கா அளவீட்டில் (பவுண்டு விசைக் கணக்கில்) ஹிக்கரிக்கு 1820, கெட்டி மேப்பிளுக்கு 1450, ரெட் ஓக்குக்கு 1290, செர்ரிக்கு 950. நம் தேக்கு 1000-க்குச் சற்று மேல். தேக்கில் நூறாண்டுக் கதவுகள் நிற்கின்றன. ஆகவே சாப்பாட்டு மேசைக்கு இந்த எண்களை வைத்து யாரும் அஞ்சவேண்டாம்.

எந்தச் சாயமானாலும், நீங்கள் தேர்ந்த மரத்தின் துண்டிலேயே பூசித் தரச் சொல்லுங்கள். அதை வீட்டுக்கு எடுத்துப்போய் நண்பகலிலும், இரவு விளக்கடியிலும் பாருங்கள். பெரும்பாலும் சாயத்தின்மேல் வினையூக்கி கலந்து இறுகும் வார்னிஷ் தெளிப்பார்கள். அது இறுகிய பிறகு நிறம் பிடிக்கவில்லை என்றால், எல்லாவற்றையும் உப்புத்தாள் கொண்டு தேய்த்து எடுத்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

இனி உண்மையான செர்ரி. அதற்குச் சாயம் போடுவது பொறுமையின்மை என்பது என் கட்சி. புதிதாக இழைத்த செர்ரி வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கும். பார்ப்பவருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஆனால் வெளிச்சம் பட்டுப் பட்டு மாதக்கணக்கில் சிவந்துகொண்டே போகும். வால்நட் அப்படியல்ல, வயதாக ஆக வெளுக்கும். கரிய வால்நட்டும் வெளிறிய செர்ரியும் இருபது ஆண்டில் ஒன்றை நோக்கி ஒன்று நடந்து வருவதைப் பார்க்கலாம்.

நான் இரண்டாவது மேசையைச் செர்ரியில், சாயமே இல்லாமல் செய்வித்தேன். விருந்தினர் வந்தால் நடுவில் செருகி நீட்டிக்கொள்ள இரண்டு பலகைகளும் கூடவே வந்தன. அவற்றைப் பத்திரமாக அலமாரியில் பூட்டிவைத்தேன். அந்தத் தீபாவளிக்கு வெளியே எடுத்துச் செருகினால், சிவந்த மேசைக்கு நடுவே மாவு பூசியதுபோல் இரண்டு வெள்ளைப் பலகைகள்! வெளிச்சம் படாமல் அவை பிறந்த நிறத்திலேயே தூங்கியிருக்கின்றன. "முதல் சில மாதங்கள் அவற்றை மேசையிலேயே விட்டிருக்க வேண்டும்" என்றார் தச்சர், சிரிக்காமல்.

பிறகு அவற்றைச் சன்னலோரம் சாய்த்து, அப்பளம் காயவைப்பதுபோல் அவ்வப்போது திருப்பிவைத்தேன். சென்ற தீபாவளிக்கு மறுபடி செருகினோம். உற்றுப் பார்த்தால் மட்டும் வித்தியாசம் தெரிந்தது. வாழையிலை விரித்ததும் அதுவும் தெரியவில்லை.

வணக்கம்.