பால் சுறாவும் விலங்கியல் துறையும்

(பிளஸ் டூ முடித்த மாணவிகளுக்காகவும் பெற்றோருக்காகவும் தண்டையார்பேட்டையில் நடந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மார்களுக்கு முதல் வணக்கம். மீன் கூடையைப் பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். வியாபார நேரத்தில் ஒரு மணி நேரம் என்ன விலை என்று எனக்குத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ரிசல்ட் வந்ததிலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். "மேடம், எந்த காலேஜ் நல்ல காலேஜ்?" நான் திருப்பிக் கேட்பேன், "எந்தத் துறையில் சேரப் போகிறாள்?" கல்லூரிக்கு ஒரு பெயர், ஒரு கேட், ஒரு பிரின்சிபால். உள்ளே போனால் ஒவ்வொரு துறையும் தனி வீடு. ஒரு வீட்டில் அடுப்பு எரியும். அடுத்த வீட்டில் ஆள் நடமாட்டமே இருக்காது. உங்கள் பெண் மூன்று வருடம் இருக்கப் போவது அந்த ஒரு வீட்டில்தான்.

ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மதியம், பிராக்டிகல் வகுப்பு. அப்போதெல்லாம் பி.எஸ்சி. விலங்கியலில் சுறா அறுத்துப் படிக்க வேண்டும். புத்தகத்தில் அதன் பெயர் ஸ்கோலியோடன். தலையைத் திறந்து, மூளையிலிருந்து கிளம்பும் 10 ஜோடி நரம்புகளில் 5, 7, 9, 10 ஆகிய நான்கையும் அறுபடாமல் எடுத்துக் காட்ட வேண்டும். வெள்ளை நூல் மாதிரி இருக்கும். கத்தி கொஞ்சம் தவறினால் முடிந்தது, வேறு சுறா கிடைக்காது.

எங்கள் லேப் அட்டெண்டர் விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் சுறா எடுத்து வருவார். துறை என்று பேசும்போது அவரை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனசு வராது. எந்தக் குடுவையில் எது இருக்கிறது, எந்தப் பெண்ணுக்கு, மீனைக் கெடாமல் வைக்க ஊற்றும் ஃபார்மலின் வாடை ஒத்துக்கொள்ளாது என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும்.

அன்றைக்கு ட்ரேயைப் பார்த்ததும் ஒரு பெண் சொன்னாள்: "மேடம், இது பால் சுறா. புள்ள பெத்தவங்களுக்குப் புட்டு செஞ்சு குடுக்க இத்தத்தான் எங்கம்மாகிட்ட வாங்கினு போவாங்க." வகுப்பு சிரித்துவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்த வாரம் நான் நடத்த வேண்டிய பாடமே அதுதான். பெரும்பாலான மீன்கள் முட்டை போடும். இந்தச் சுறா குட்டி போடும். நமக்கு இருப்பது போலவே தாய் வயிற்றுக்குள் ஒரு கொடி வழியாகக் குட்டிக்கு ஆகாரம் போகும். "குட்டியைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டேன். "அறுக்கும்போது உள்ள இருக்கும் மேடம். கொடியோட வரும்" என்றாள். சாக்பீஸை அவள் கையில் கொடுத்தேன். கொடி எங்கே ஒட்டியிருக்கும் என்று கேட்டதற்கு, முன்துடுப்புகள் இரண்டுக்கும் நடுவே கோடு இழுத்துக் காட்டினாள். சரியான இடம். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

பெண் பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவருவதை வாங்கி வைத்துக்கொள்ளத் தெரிந்த ஓர் ஆள் துறையில் இருக்கிறாரா? ஒரு துறையைப் பற்றி எனக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான். கட்டடம், கண்ணாடிக் கதவு, ஏசி எல்லாம் பிறகு.

நம்ம வடசென்னைப் பக்கத்துக்குப் பெண்கள் கல்லூரி சும்மா வந்துவிடவில்லை. மெரினாவில் ராணி மேரிக் கல்லூரி தொடங்கியது 1914ல். பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி வந்தது 1964ல். நடுவில் 50 வருடம். அந்த 50 வருடத்தில் ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் படிக்க ஆசைப்பட்டு வீட்டோடு நின்றுபோன பெண்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. இன்று மகளிருக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஓடுகிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று அதே பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கிவைத்தார்கள். கேட் வரைக்கும் வழி போட்டாகிவிட்டது. கேட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது நம் வேலை.

பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். எந்தத் துறையில் சேர்ந்தாலும் பகுதி 1ல் தமிழ் அல்லது நீங்கள் எடுக்கும் மொழி, பகுதி 2ல் ஆங்கிலம் உண்டு. பகுதி 3தான் உங்கள் முதன்மைப் பாடம். அதனால் கல்லூரியில் எல்லாப் பிள்ளைகளையும் தெரிந்தவர்கள் தமிழ்த் துறைக்காரர்களும் ஆங்கிலத் துறைக்காரர்களும்தான். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்து முதல் செமஸ்டரில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் ஆங்கிலம் நடத்துகிறவராகத்தான் இருப்பார். அவரைக் கண்டு ஒளியாதீர்கள்.

கல்லூரி தன்னாட்சி பெற்றதா என்றும் கேளுங்கள். பட்டம் கொடுப்பது சென்னைப் பல்கலைக்கழகம்தான். ஆனால் தன்னாட்சிக் கல்லூரியில் என்ன நடத்துவது என்பதைத் துறையின் பாடத்திட்டக் குழு எழுதலாம். இது பெரிய உரிமை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விலங்கியல் துறை மீன்வளத்தை ஒரு தாளாகவே வைக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படிந்ததே, வலையும் படகும் கறுத்துப்போனதே, அந்தத் தண்ணீரைச் சோதிக்க அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே வேதியியல் துறை கற்றுக்கொடுக்கலாம். துறையில் அக்கறையுள்ளவர்கள் இருந்தால் இது நடக்கும். இல்லாவிட்டால் பழைய பாடத்தில் அலகுகள் முன்பின் மாறும், அவ்வளவுதான்.

இப்போது எனக்கு மிகவும் வலிக்கிற இடம். நான் வேறொரு மாவட்டத்தில் வேலை பார்த்தபோது, பணி ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியையின் இடத்தை மூன்று வருடம் யாரையும் போட்டு நிரப்பவில்லை. அவர் நடத்திய தாளை நாங்கள் பங்கு போட்டு ஓட்டினோம். அந்த மூன்று வருடப் பிள்ளைகளுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். இன்று அரசுக் கல்லூரிகளில் இப்படிப்பட்ட இடங்களில் பாடம் நடத்துகிறவர்கள், நிரந்தர வேலை இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள். முனைவர் பட்டமும், கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட், செட் தேர்ச்சியும் உள்ளவர்கள் அவர்களில் நிறைய. பல்கலைக்கழக மானியக் குழு 2019ல் இவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கச் சொன்னது. நம் ஊரில் பல வருடம் அதில் பாதிகூடக் கைக்கு வரவில்லை. அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாமல் ஒருவர் உங்கள் பெண்ணுக்கு நம்பிக்கையோடு பாடம் நடத்த வேண்டும். அதையும் செய்கிறார்கள். அவர்களை இரண்டாம் வரிசையாக வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்று. கலந்தாய்வுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று அதற்கே ஓடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் இயற்பியலும் வரலாறும் விலங்கியலும் ஆள் சேராமல் ஒருமுறை மூடிவிட்டால், இந்தப் பக்கத்துப் பெண்கள் மறுபடியும் அதைப் படிக்க நகரத்தின் மறுகோடிக்குத்தான் போக வேண்டும். அம்மா, உங்கள் பெண் மீனைப் பார்த்தே இன்ன ஜாதி என்று சொல்கிறவளாக இருந்தால், அவளைக் கணக்கு நோட்டுக்குள் தள்ளுமுன் ஒரு நாள் விலங்கியல் துறைக்குக் கூட்டிப் போங்கள். லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை பேர் நடத்துகிறார்கள், எத்தனை வருடமாக இருக்கிறார்கள், போன வருடம் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போனார்கள் என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பால் சுறா என்று சொன்ன அந்தப் பெண் எங்கே என்று முன் வரிசையில் ஒருவர் கேட்கிறார். அவள் எம்.எஸ்சி., பிஎச்.டி. முடித்தாள். இன்று ஓர் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். இப்போது சுறா அறுப்பது கிடையாது. மானியக் குழு 2011ல் குறைக்கச் சொல்லி, 2014ல் நிறுத்தவே சொல்லிவிட்டது. அதனால் அவள் வருடம் ஒரு முறை தன் வகுப்பை விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்துக்கு நடத்திக் கூட்டிப் போகிறாள். கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் பிள்ளைகள் பெயர் கேட்டு எழுதுகிறார்கள். ரெக்கார்டு நோட்டில் முதல் கட்டத்தில் அந்த அம்மாக்கள் சொன்ன பெயர், இரண்டாவது கட்டத்தில்தான் லத்தீன் பெயர்.