வலிவு உண்டு மக்களே

வணக்கம், நேயர்களே. முப்பது வருடம் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளோடு பிழைத்தவன் நான். நோயாளி என்ன சொன்னார், அதை யார் எப்படி எழுதினார், எண்ணிப் பார்த்தால் என்ன தெரிகிறது? இதுதான் என் வேலை.

வேலைக்குச் சேர்ந்த புதிது. நாகர்கோவிலில் வளர்ந்த என்னைக் களியக்காவிளைப் பக்கம் ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், நெடுநாள் கொட்டை வறுத்த ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். "என்ன செய்யுது அம்மா?" என்றேன். "வலிவு உண்டு மக்களே. ராத்திரியானா கூடுதலாக்கும்."

வலிவு என்றால் எனக்குத் தெரிந்தது தெம்பு. ராத்திரி தெம்பு கூடுகிறது என்றால் நல்லதுதானே! 'குறை ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. தோள் ஏறி இறங்க, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற நர்ஸக்கா தலையில் அடித்துக்கொண்டார்: "தம்பி, வலிவுன்னா இழுப்பு!"

மூச்சிழுப்பு, ஆஸ்துமா! மலையாளத்தில் வலிவுக்கு அதுதான் பொருள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண். எல்லைக் கல்லைப் பார்த்துச் சொல் நின்றுவிடுமா? தோவாளைக்காரர் இழுப்பு என்பார், இன்னொருவர் இளைப்பு என்பார், பேரன் வீசிங் என்பான். அந்த இளைப்பையும் உடம்பு மெலிவது என்று எழுதிவைக்க ஆள் உண்டு. நான் இருந்தேனே!

ஒரு மாவட்டத்துக்குள்ளேயே இந்தப் பாடு. நாடுகளை ஒப்பிட வேண்டுமென்றால்? 1991இல் தொடங்கிய ஐசாக் என்ற குழந்தைகள் ஆஸ்துமா ஆய்வுக்கு இதே தலைவலி. மூச்சில் விசில் மாதிரி சத்தம் வருவதை ஆங்கிலக்காரர் 'வீஸ்' என்பார். அதற்குப் பல மொழிகளில் நேர்ச்சொல் கிடையாது. அவர்கள் செய்தது எனக்கு இன்றும் பிடிக்கும். எழுத்துக் கேள்வித்தாளோடு ஒரு வீடியோவும் செய்தார்கள். மூச்சு இழுக்கும் பிள்ளைகளை ஐந்து காட்சிகளில் காட்டி, "உனக்கு எப்போதாவது இப்படி மூச்சு விட்டதுண்டா?" என்று மட்டும் கேட்டார்கள். நோயின் பெயரே வேண்டாம். அன்று என் கையில் அது இருந்திருந்தால் அந்த அம்மா விரலை நீட்டிக் காட்டியிருப்பார்.

1998இல் முடிவு வந்தது. 56 நாடுகள், 13, 14 வயதில் 4,63,801 பிள்ளைகள். முந்தைய 12 மாதத்தில் இழுப்பு வந்ததாகச் சொன்னவர்கள் ஓரிடத்தில் நூற்றுக்கு 2 பேர்கூட இல்லை, இன்னோரிடத்தில் 36 பேருக்கும் மேல். பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா மேலே. இந்தியா கீழ்வரிசையில்.

நமக்குக் குறைவு என்று நிம்மதிப்படலாமா? உலக நோய்ச்சுமை மதிப்பீட்டை எடுங்கள். உலகத்து ஆஸ்துமாக்காரர்களில் சுமார் 13 சதவீதம் இந்தியாவில். உலகத்து ஆஸ்துமாச் சாவுகளில் 40 சதவீதத்துக்கு மேல் இங்கே. நோய் குறைவாகவும் சாவு கூடுதலாகவும் தெரிந்தால் நான் முதலில் இரண்டு இடத்தில் பார்ப்பேன். ஒன்று, இன்ஹேலர் கையில் இருக்கிறதா. இன்னொன்று, பதிவேட்டில் 'குறை ஒன்றுமில்லை' எத்தனை தடவை எழுதியிருக்கிறது. திரும்பத் திரும்ப அந்த அம்மாவிடமே வந்து நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விறகடுப்புப் புகை, ரப்பர் ஷீட்டுக்குப் போடும் புகை, பீடி என்று இன்னும் இரண்டு பக்கம் எழுதி வந்தேன். நேரமாகிவிட்டது என்று ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: படியேறினால் மூச்சு வாங்குகிறது, வயசாகிவிட்டது என்று இருப்பவர்கள் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். பலமாக ஊதினால் முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று அது அளக்கும். அதற்கு எந்த ஊர்ப் பேச்சும் தெரிய... சரி, சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.