தறி காணாத துணி: புகாண்டாவின் மரவுரி

நேயர்களுக்கு வணக்கம்.

மரவுரி என்றால் நமக்கு வனவாசம்தான் நினைவுக்கு வரும். அரச உடையைக் களைந்தவர்கள் உடுத்துவது அது. உகாண்டாவில் இருக்கும் புகாண்டா அரசில் கதை நேர்மாறு. முடிசூடும் நாளில் அரசரே மரவுரி தரிப்பது அங்கே வழக்கம். அரசருக்கு 'கபாகா' என்று பெயர், மரவுரிக்கு 'லுபுகோ'.

லுபுகோவைத் தருவது முதுபா மரம். நம் ஆலும் அத்தியும் இதற்கு ஒன்றுவிட்ட உறவு. உரிப்பதற்கு மழைக்காலமே ஏற்றது. அப்போது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே சாறு ஓடிக்கொண்டிருப்பதால் பட்டை வழுக்கிக்கொண்டு கழன்று வரும். கோடையில் கை வைத்தால் ஒட்டிக்கொண்டு கிழியும்.

முதலில் சொரசொரப்பான மேல்தோலைச் சுரண்டி எடுக்கிறார்கள். அடுத்து, அடிமரத்தில் மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம், இரண்டையும் இணைத்து நெடுக்காக ஒரு கீறல். அதன் பிறகு கத்திக்கு வேலையில்லை. வாழைத்தண்டைச் சீவி ஆப்பாக்கி, அதைக் கொண்டு மெல்ல நெம்புகிறார்கள். இரும்பு பட்டால் உள்ளே புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் காயப்படும். காயம் பட்ட இடத்தில் பட்டை சரியாக வளராது, அடுத்த முறை உரிக்கும் துணியில் அந்த இடம் ஓட்டையாக வரும். பட்டை கழன்றவுடனே தாமதிக்காமல் அடிமரம் முழுக்க வாழையிலை சுற்றிக் கட்டுகிறார்கள். வெயிலும் காற்றும் பட்டு மரம் காய்ந்துவிடக் கூடாது. இந்தப் பக்குவம் தப்பாமல் இருந்தால் ஒரே மரத்தை ஆண்டுக்கு ஒரு தடவை என்று பல பத்தாண்டுகள் உரிக்கலாம். முதல் உரி முரடாகத்தான் இருக்கும், அடுத்தடுத்து வருபவைதான் மென்மை. துணிக்காக மரத்தை வெட்டுவதே இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

உரித்த பட்டையைச் சூட்டில் இளக்கியபின் அடிக்கும் வேலை தொடங்குகிறது. தரையில் கிடத்திய நீண்ட மரக்கட்டைமேல் பட்டையைப் போட்டு, 'என்சாமு' என்ற மரச் சம்மட்டியால் அடிக்கிறார்கள். சம்மட்டியைச் சுற்றி வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருக்கும். அகலப் பள்ளம், நடுத்தரம், நெருக்கமான பள்ளம் என்று மூன்று வகை. அகலத்தில் ஆரம்பித்து நெருக்கத்தில் முடிக்க வேண்டும், மாற்றி எடுத்தால் நார் அறுந்துவிடும். அடிக்க அடிக்கப் பட்டை மெலிந்து பல மடங்கு விரிகிறது. இந்த வேலைக்கு இடம் பக்கச்சுவர் இல்லாத கூரைக் கொட்டகை. வெயில் பட்டால் பாதி வேலையிலேயே ஈரம் போய் வெடித்துவிடும். எல்லாம் முடிந்த பிறகுதான் வெயில். இழுத்துப் பரப்பிக் காயவைத்தால் வெளிறிக் கிடந்த துணி செங்கல் நிறத்துக்கு மாறுகிறது. ஓட்டை இருந்தால் ஒட்டுப் போட்டுத் தைக்கிறார்கள். அரசருக்கும் தலைவர்களுக்கும் உரிய துணியில் வெள்ளையோ கறுப்போ ஏற்றுவது உண்டு.

பரம்பரையாக இந்தத் தொழில் நீர்நாய்க் குலத்தாருடையது. புகாண்டாவில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு குலச்சின்னம் இருக்கிறது. சின்னம் உண்ணக்கூடிய ஒன்றாக இருந்தால், அந்தக் குலத்தார் அதைத் தொடமாட்டார்கள். அரசருக்குச் செய்யவேண்டிய ஊழியமும் குலவாரியாகப் பிரிந்திருக்கிறது. இது கண்கூடாகத் தெரிவது உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் இருக்கும் கசூபி குன்றில். 1882இல் கபாகா முதலாம் முத்தேசா அங்கே அரண்மனை கட்டினார். 1884இல் அவர் இறந்தபோது அதுவே அவருடைய சமாதியானது. அவரோடு சேர்த்து நான்கு கபாகாக்கள் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். சுமார் 31 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கட்டடம், மேலே புல் வேய்ந்த கூரை. கூரைக்கு உள்ளே 52 வளையங்கள், ஒவ்வொன்றும் ஒரு குலத்துக்கு. கூரை வேய்வது கொலோபஸ் குரங்குக் குலத்தார், உள் அலங்காரம் சிறுத்தைக் குலத்தார். தூண்களைச் சுற்றியிருப்பது மரவுரி. சமாதிகளை மறைக்கும் திரையும் மரவுரியே. திரைக்கு அப்பால் இருப்பதைக் 'காடு' என்கிறார்கள். இறந்த அரசர்கள் அந்தக் காட்டில் வாழ்கிறார்கள் என்பது நம்பிக்கை.

19ஆம் நூற்றாண்டில் அரபு வணிகர்கள் பருத்தித் துணி கொண்டுவந்த பிறகு மரவுரி அன்றாட உடையாக இருந்த காலம் மெல்ல முடிவுக்கு வந்தது. அடுத்த அடி அரசியலிலிருந்து வந்தது. 1966இல் கபாகாவின் மெங்கோ அரண்மனையை உகாண்டா அரசாங்கத்தின் படை தாக்கியது, கபாகா இரண்டாம் முத்தேசா லண்டனுக்குத் தப்பினார். மறு ஆண்டு முடியாட்சிகளே ஒழிக்கப்பட்டன. 1993இல் மீண்டு வந்தபோது ஜூலை 31 அன்று அவர் மகன் இரண்டாம் முத்தேபி முடிசூடினார். இந்தத் தொழிலை 2005இல் யுனெஸ்கோ சிறப்பித்தது. 2010 மார்ச்சில் கசூபி தீக்கிரையானது. மறுபடி கட்டி முடித்து, ஆபத்திலுள்ள உலக மரபிடங்கள் பட்டியலிலிருந்து அதை நீக்க 2023 வரை ஆயிற்று.

என்னைக் கேட்டால், மரவுரியைக் காப்பாற்றியது அரண்மனையைவிடச் சாவு வீடுதான். பிணத்தைச் சுற்றுவதற்கு இன்றும் லுபுகோ வேண்டும். துக்கம் கழிக்கும் சடங்குக்கு 'ஒக்வாப்யா ஒலும்பே' என்று பெயர். அன்று இறந்தவருக்கு வாரிசானவரை எல்லார் முன்னும் நிறுத்துகிறார்கள். வாரிசு ஆணானால் தோளில் முடிந்த மரவுரி, கையில் ஈட்டி.

வணக்கம்.