மணிலாவுக்கே திரும்பியவர்

நண்பர்களே, வணக்கம். பிலிப்பைன்ஸ் செய்தியாளர் மரியா ரெஸ்ஸா என்றதும் பலருக்கு 2021ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசுதான் ஞாபகம் வரும். எனக்கு அவர் ஊர் திரும்பிய நாட்கள்தான் முக்கியம்.

1963இல் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் பிறந்தவர். 1972இல் அந்நாட்டு அதிபர் மார்க்கோஸ் ராணுவச் சட்டத்தை அமல்படுத்தினார்; அடுத்த ஆண்டே சிறுமி மரியா அமெரிக்காவுக்குப் போய், நியூ ஜெர்சியில் வளர்ந்தார். 1986இல் மக்கள் தெருவில் இறங்கி மார்க்கோஸை விரட்டினார்கள். அந்த ஆண்டுதான் பிரின்ஸ்டனில் பட்டம் வாங்கினார். ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசு உதவித்தொகையில் மணிலாவுக்குப் போனவர், அங்கேயே செய்தியாளர் ஆகிவிட்டார். சிஎன்என்னுக்காக முதலில் மணிலா, 1995 முதல் ஜகார்த்தா. இந்தோனேசிய அதிபர் சுஹார்த்தோ வீழ்ந்ததை உலகத்துக்குச் சொன்ன முகங்களில் அவருடையதும் ஒன்று. அப்புறம் பிலிப்பைன்ஸின் ஏபிஎஸ்-சிபிஎன் தொலைக்காட்சியின் செய்திப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். 2012இல் நண்பர்களோடு சேர்ந்து ராப்ளர் என்ற இணையச் செய்தி நிறுவனத்தைத் தொடங்கினார்.

இனி மரியா மீதான அவதூறு வழக்கைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 2012 மே மாதம் ராப்ளரில் ஒரு தொழிலதிபரைப் பற்றிய கட்டுரை வந்தது. இணையவழி அவதூறுக்கான சட்டம் கையெழுத்தானதோ அந்த ஆண்டு செப்டம்பரில். அப்படியானால் வழக்கே நிற்காதல்லவா? 2014இல் அந்தக் கட்டுரையில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தார்கள். ஒரே ஓர் எழுத்து! அந்தத் திருத்தத்தை மறுபிரசுரம் என்று எடுத்துக்கொண்டார்கள். 2020 ஜூனில் மணிலா நீதிமன்றம் அவரையும் கட்டுரை எழுதியவரையும் குற்றவாளிகள் என்றது. பிழை திருத்துவது செய்தியாளரின் கடமை. அதையே குற்றத்துக்கு ஆதாரமாக்கியது அநியாயம் என்று இந்த மேடையில் உரக்கச் சொல்கிறேன்.

அதிபர் டுடெர்ட்டே ஆட்சியின் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் விழுந்த பிணங்களை ராப்ளர் விடாமல் எழுதியது. வழக்குகள் குவிந்தன. 2019 பிப்ரவரியில் அலுவலகத்துக்கே வந்து கைது செய்தார்கள். அன்றிரவு ஜாமீன் கிடைக்கவில்லை. மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவரை விமான நிலையத்திலேயே பிடித்தார்கள். கையில் அமெரிக்கக் குடியுரிமை இருந்தது. வராமலே இருந்திருக்கலாம். தெரிந்தேதான் வந்தார். நோபல் பரிசை வாங்க ஆஸ்லோ போவதற்குக்கூட நீதிமன்றத்தில் அனுமதி கேட்டார். வாங்கிக்கொண்டு மறுபடியும் மணிலாவுக்கே வந்தார்.

2023இல் வரி ஏய்ப்பு வழக்குகளிலிருந்து விடுதலையானார். அவதூறு வழக்கில் மட்டும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் தண்டனையைக் கூட்டியது. விடவில்லை, உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.